மஞ்சள் டப்பாத் தோட்டாக்கள்

மார்ச் 4, செவ்வாய்

பச்சை டப்பா தீர்ந்துவிட்டதாம். எங்கள் துப்பாக்கி கிளப் ஸ்டோரில் பூட்டு கையை விரித்துவிட்டார். (அந்தப் பெயர் நான் வைத்தது. தன் டீ கிளாஸைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிற மனிதர்.) கப்பல் வரவில்லை, இந்த மாதம் வரவும் வராது, இனி எல்லோருக்கும் மஞ்சள் டப்பாதான் என்றார்.

"அளவு ஒண்ணுதாங்க மேடம். பச்சையா மஞ்சளான்னு துப்பாக்கிக்கு என்ன தெரியும்?"

துப்பாக்கிக்குத் தெரியும். பத்து வருஷமாக அது பச்சையைத்தான் தின்கிறது. பச்சைத் தோட்டா சாது. மஞ்சள் முரடு, மருந்து காரம். மாதக் கடைசியில் செலக்‌ஷன் மேட்ச். மாநில அணியில் காலியாக இருப்பது ஒரே ஒரு பெண்கள் இடம். இந்த நேரம் பார்த்துத்தான் கப்பல் வரவில்லையா? எந்தக் கப்பல்? யாருக்கு வராத கப்பல்?

போன மாதம் மிச்சமிருந்த பச்சையை எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். நான் மடச்சி, என் பங்கை ஜோராகச் சுட்டுத் தீர்த்தேன். என்னோடு கிளப்பில் சுடுகிற மாடிக்காரி தன் பங்கைத் தொடவே இல்லை. எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது, தீரப்போகிறதென்று?

மார்ச் 6, வியாழன்

மஞ்சளை முதல் தடவையாகச் சுட்டேன். கை குதிக்கிறது. ஐந்து தோட்டாவும் ஐந்து ஊருக்குப் போயிற்று.

மெதுவாகச் சுடுகிற முதல் பாதியில் எப்படியோ சமாளித்துவிடலாம். இரண்டாம் பாதிதான் ஆளை விழுங்கும். இலக்கு அட்டை மூன்று விநாடி முகம் காட்டும், அதற்குள் கையைத் தூக்கி ஒன்று சுட வேண்டும். உடனே திரும்பிக்கொள்ளும். இப்படி ஐந்து தடவை. முதல் குண்டின் உதறலிலிருந்து கை இறங்குவதற்குள் அட்டை மறுபடி முகம் காட்டுகிறது. மஞ்சளோடு இதைச் செய்வது முரட்டு மாட்டைக் கயிறில்லாமல் பிடிப்பது மாதிரி.

பக்கத்துத் தடத்தில் மாடிக்காரி பச்சையைப் போட்டு, டொக், டொக் என்று, கதவு தட்டுகிற சத்தத்தில் சுட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு என் அட்டையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு எரிகிறது.

மார்ச் 8, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

மாடிக்காரி என்றால் என் நாத்தனார். இவருடைய ஒரே தங்கை. எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை. அவளை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனதே நான்தான். எட்டு வருஷத்தில் என் தோளுக்கு வந்துவிட்டாள். இந்த ஒரே இடத்துக்கு நிற்பவர்களில் முதல் இரண்டு பேர் நாங்கள். மற்றவர்கள் சும்மா வந்து போகிறவர்கள்.

சாயங்காலம் இறங்கி வந்தாள். தண்ணீர் மோட்டார் போடலாமா என்று கேட்டாள். பிறகு கதவைப் பிடித்தபடியே, "அண்ணி, என்கிட்ட இருக்கற பச்சையில பாதி எடுத்துக்கங்களேன்," என்றாள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் என்னோடு மோதப் போகிறவள், தன் கையிலிருக்கிற ஆயுதத்தில் பாதியை எனக்குத் தருகிறாளாம். எதற்கு? நாளைக்குத் தோற்றால், "நான்தான் குடுத்தேனே" என்று ஊர் முழுக்கச் சொல்லவா? ஜெயித்தால், "என் தோட்டாவாலதான்" என்று சொல்லவா?

"வேண்டாம்மா. மஞ்சளே எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"உங்க அட்டையப் பாத்தேனே அண்ணி."

"பாத்தல்ல? அப்புறம் என்ன?"

போய்விட்டாள். இவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பரைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மேலும் கீழும் போய் வருவது இவருக்குத் தொழில், வீட்டில் மட்டும் நடு மாடியிலேயே நின்றுவிடுவார்.

மார்ச் 10, திங்கள்

கண் டாக்டரிடம் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. தூரத்து அட்டை தெளிவாகத் தெரிகிறது, துப்பாக்கி நுனியில் இருக்கிற முன்குறிதான் கலங்குகிறது. வயசு நாற்பத்து மூன்று ஆகிறதே, இனி கிட்டத்தில் இருப்பது மங்கிக்கொண்டேதான் போகும், கண்ணாடி போட்டால் அட்டை மங்கும், போடாவிட்டால் குறி மங்கும், எது வேண்டும் என்று கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார்.

அடுத்த செலக்‌ஷன் இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் என் முன்குறி பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். ஆக, இதுதான் கடைசி.

மார்ச் 12, புதன்

துப்பாக்கி மெக்கானிக்கைத் தனியாகப் பிடித்தேன். மஞ்சளை எப்படிப் பழக்குவது என்று கேட்டேன்.

விஷயம் சின்னதுதான். சுட்டவுடன் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னால் ஓடி, காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். எங்கள் கிளப் துப்பாக்கிகளில் இருப்பது பச்சைக்கான லேசான ஸ்பிரிங். அதில் மஞ்சளைச் சுட்டால் மேல்பாகம் அளவுக்கு மீறி வேகமாகப் பின்னால் போய் மோதுகிறது.

"தினம் உள்ள சுத்தியால அடிக்கிற மாதிரிங்க. உங்களுது ரொம்பப் பழசு வேற. கொஞ்ச நாள்ல சட்டமே விரிஞ்சிடும். கெட்டியான ஸ்பிரிங் போட்டுர்றேன். ஆனா ஒண்ணு, இனிமே இதுல மஞ்சள் மட்டுந்தான். பச்சையப் போட்டீங்கன்னா மேல்பாகத்த முழுசா தள்ளப் பலம் பத்தாது. காலிக் கூடு வாசல்லயே நட்டுக்கிட்டு நிக்கும்."

போடச் சொன்னேன். யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன்.

"இதென்ன ராணுவ ரகசியமா?" என்று சிரித்தார்.

சிரிப்பு பிடிக்கவில்லை. இந்த மெக்கானிக் மாடிக்காரியோடும் சிரித்துப் பேசுகிறவர்தான்.

மார்ச் 13, வியாழன்

இவருக்குக்கூட ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணன் காதுக்குப் போனால் தங்கை காதுக்குப் போனதாக அர்த்தம்.

மார்ச் 15, சனி

அடித்தேன்! மூன்று விநாடிச் சுற்றில் ஐந்தும் கருப்பு வட்டத்துக்குள். கை உதறவில்லை. மஞ்சள் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. கோச் பின்னால் வந்து நின்று, "என்ன, பச்சை எங்கயாவது கெடச்சுதா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, அது அவர் பாடு.

போகும்போது வழக்கம்போல அடுத்த நாளுக்கான தோட்டாக்களை மரக்கட்டையில் அடுக்கி வைத்தேன். குழி குழியாக இருக்கும் கட்டை, மூக்கு மேலே, அடி கீழே. மூடி போட்டு லாக்கரில் வைத்தாயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லாக்கர். குடும்பத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். சாவி மட்டும் ஆளுக்கு ஒன்று.

மார்ச் 18, செவ்வாய்

என் சந்தேகத்தை எல்லோரும் கேலி பண்ணுவார்கள். பால்காரரையும் நம்ப மாட்டாள், பால் மாட்டையும் நம்ப மாட்டாள் என்று இவர் சொல்வார். இன்று என்ன சொல்லப் போகிறார்?

முதல் சுற்றிலேயே காலிக் கூடு வாசலில் நட்டுக்கொண்டது. சரி, புது ஸ்பிரிங், பழகட்டும் என்று விட்டேன். மூன்றாவது சுற்றில் மறுபடி. ஐந்தாவதில் மறுபடி. மேட்சில் ஒரு தடவைதான் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் மாட்டினால் பூஜ்ஜியம். மாட்டாத தோட்டாக்களிலும் சில தாழ்வாகப் போய் விழுந்தன.

கீழே கிடந்த கூடுகளைப் பொறுக்கி வந்துவிட்டேன். எனக்கு வேலை பல்செட் செய்யும் கூடத்தில். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பல் பல்லாகப் பார்க்கிறவள் நான். மதியம் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் தோட்டாவின் அடியில் வட்ட முத்திரை இருக்கும். பச்சையின் அடியில் முக்கோணம்.

நடுநடுவே முக்கோணம்.

என் கட்டையில் பச்சை. நான் போடாத பச்சை. மூக்கு மேலே இருக்க அடுக்குவதால் அடி தெரியாது, அதையும் தெரிந்த கை. கிளப்பில் இன்று பச்சை வைத்திருப்பது யார்? லாக்கருக்கு இன்னொரு சாவி யாரிடம்? என் துப்பாக்கியில் பச்சை மாட்டும் என்று யார் சொல்லியிருப்பார்? சிரித்தாரே அந்த மெக்கானிக், அப்போதே நினைத்தேன்.

பாவி. எட்டு வருஷம்டி. உன் கையைப் பிடிச்சு நான் சொல்லிக் குடுத்தேன்டி.

மார்ச் 19, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், ஸ்பிரிங்கையும் சேர்த்து. அவள் காதுக்குப் போகாது என்று என் தலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான்.

"பச்சை இப்ப தங்கம்னு நீதானே சொன்ன? தங்கத்தைப் போட்டா ஒருத்தியைக் கெடுப்பாங்க?" என்றார்.

"என்னைக் கவுக்கறதுக்கு அவளுக்குத் தங்கமும் ஒண்ணுதான், தவிடும் ஒண்ணுதான்."

"அவகிட்டயே கேட்டுடேன்."

கேட்பதா? கேட்டால் கையைக் கழுவிக்கொள்வாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு வழி என் வேலையிலேயே இருக்கிறது.

பல்செட் கடித்தால் எந்தப் பல் முதலில் இடிக்கிறது என்று பார்க்க ஒரு நீலத்தாள் வைப்போம். பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. அதைக் கட்டை மூடியின் உள்விளிம்பில் நன்றாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். நான் மூடியைக் குச்சியால் நெம்பித் திறந்துகொள்வேன்.

மார்ச் 20, வியாழன்

அவள் இன்று ரேஞ்சுக்கு வந்தாள். நான் வேண்டுமென்றே போகவில்லை.

மார்ச் 22, சனி

நீலம்.

வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மூக்கு நுனியில்கூட ஒரு பொட்டு. ரேஞ்ச் மேஜையில் என் எதிரே உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மருந்துக்கடையில என்னமோ கொட்டிருச்சு அண்ணி, தேச்சாலும் போக மாட்டேங்குது," என்றாள், நான் கேட்காமலே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாள். கட்டையைத் திறந்து பார்த்தேன். ஒரு வரிசை முழுக்க முக்கோணம். எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். செலக்‌ஷன் அன்று கோச் முன்னால் கொட்டுவேன்.

அதோடு இன்னொன்று பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

அவள் மேல்பாகத்தைக் கழற்றி வைத்திருந்தாள். கீழ்ச் சட்டத்தில், மோதுகிற இடத்தில், ஒரு மயிரிழை. பல்லில் வருகிற மாதிரி விரிசல். எண்ணெய்க் கோடு என்று யாரும் விட்டுவிடுவார்கள். நான் பார்க்கிறதே இதைத்தான் தினமும். விரிசல்தான். இன்றோ நாளையோ விட்டுவிடும். மேட்சில் விட்டால் அவள் கதை முடிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லலாம். யார் கேட்டார்கள்?

துண்டு தெறித்து முகத்தில் பட்டால்?

படாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருப்பாள்.

மார்ச் 23, ஞாயிறு

தலைவலி என்று படுத்துவிட்டேன். அவள் ரேஞ்சுக்குப் போகிற செருப்புச் சத்தம் படியில் கேட்டது. திரும்பி வருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் தலைவலி நிஜமாகவே இருந்தது.

மார்ச் 24, திங்கள்

கூடத்தில் ஒரு பல்செட் வந்தது. செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நடுவில் விரிசல். ஒட்டிக் கொடுத்துவிடலாம், ஆனால் எங்கள் முதலாளி முதலில் கேட்பது ஒன்றுதான்: இடி எங்கிருந்து வருது? இடிக்கிற இடத்தைப் பார்க்காமல் ஒட்டினால் மறுபடி விரியும். நீலத்தாளை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் துப்பாக்கிக்கு இடி எங்கிருந்து வந்தது?

பச்சை சாது. எட்டு வருஷம் பச்சையைச் சுட்ட சட்டம் ஏன் இந்த மாதம் விரிய வேண்டும்? லேசான ஸ்பிரிங்கில் மஞ்சளைச் சுட்டால் உள்ளே சுத்தியால் அடிக்கிற மாதிரி என்று மெக்கானிக் சொன்னாரே. அப்படியானால் அவள் மஞ்சளையா சுடுகிறாள்? எதற்கு? பச்சையை வைத்துக்கொண்டு?

வேலை முடிந்து நேராக ரேஞ்சுக்குப் போனேன். அவள் தடத்தின் கீழே இருக்கிற வாளியில் கையை விட்டு அள்ளினேன். எல்லாம் வட்டம். வட்டம். வட்டம். பூட்டிடம் போய், என் நாத்தனார் எப்போது மஞ்சள் வாங்கினாள் என்று கேட்டேன்.

"அவங்க மஞ்சள் வாங்கவே இல்லீங்களே. பச்சை இருக்கு, வேண்டாம்னுட்டாங்க."

அப்புறம் அந்த மஞ்சள் யாருடையது?

என்னுடையது. என் கட்டையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு வரிசை எடுத்திருக்கிறாள், ஒரு வரிசை வைத்திருக்கிறாள். பதிலுக்குப் பதில்.

பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன். ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்றே மேலே போனேன். எழுத இன்றுதான் முடிகிறது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் இன்னும் நீலம். பையிலிருந்து காகிதத்தை எடுத்து முக்கோணங்களைக் கட்டிலில் கொட்டினேன். கோச் முன்னால் கொட்ட வேண்டும் என்று வைத்திருந்தது.

"இது என்ன?"

தப்பு செய்து மாட்டிய முகம் இல்லை அது. வெட்கப்பட்ட முகம்.

"நேரா குடுத்தா நீங்க வாங்க மாட்டேங்கிறீங்க. அதான் அண்ணி."

"யாரு உன்னைக் குடுக்கச் சொன்னா?"

"கடைக்கு வந்தீங்கல்ல அன்னிக்கு? மாத்திரை அட்டையக் கைய நீட்டி நீட்டிப் படிச்சீங்க. அப்புறமும் தெரியாம, என்கிட்டயே குடுத்துப் படிக்கச் சொன்னீங்க. எனக்கு அப்பவே புரிஞ்சுது. எனக்கு இன்னும் நாலு செலக்‌ஷன் வரும். உங்களுக்கு?"

நான் கட்டிலில் கிடந்த ஒரு முக்கோணத்தை எடுத்து உருட்டினேன்.

"மஞ்சளாலதான் உங்களுக்கு மாட்டுதுன்னு நினைச்சேன். மாட்ட மாட்ட இன்னொரு வரிசை சேத்து வச்சேன்."

"நான் ஸ்பிரிங்கை மாத்திட்டேன். மஞ்சளுக்குன்னு. பச்சைதான் மாட்டுது."

அவள் மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "சொல்லவே இல்லையே அண்ணி."

நான் உட்கார்ந்தேன். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்திருப்போம்கூட. ஆனால் அந்த விரிசலைச் சொல்லாமல் எப்படி இறங்கி வருவது? சொன்னேன். சட்டத்தில் எங்கே, எப்படி, எவ்வளவு நீளம்.

"எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையா?" அவள் விரலைப் பார்த்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நான் போய்ச் சுட்டேனே அண்ணி. ரெண்டு மணி நேரம் சுட்டேனே."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் வெளியே போவதற்காக.

மார்ச் 26, புதன்

மெக்கானிக் அவள் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இனி தொடக் கூடாது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டார். "முகத்துக்கு நேரா வச்சு சுடுறது. நல்ல வேளை, யாரோ பாத்தீங்க," என்றார்.

யாரோ பார்த்தது உண்மைதான். இந்த மெக்கானிக் மேல் சந்தேகப்பட்டதற்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

கிளப்பில் வேறு துப்பாக்கி இல்லை. அவள் செலக்‌ஷனுக்கு வரப்போவதில்லை என்று கோச்சிடம் போனில் சொல்லிவிட்டாளாம். "அப்ப உங்களுக்கு ரூட்டு கிளியர்," என்றார் கோச்.

கேட்டது கிடைத்துவிட்டது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஒருவர் மேட்சை முழுக்கச் சுட்டு முடித்ததும் அதே துப்பாக்கியில் இன்னொருவர் அடுத்த சுற்றில் சுடலாம், விதியில் தடையில்லை. கோச்சிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். என்னை முதல் சுற்றில் போடுங்கள், அவளை இரண்டாவதில் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மீதிப் பச்சை ஒரு மேட்சுக்குக்கூடக் காணாது. ஆகவே என் துப்பாக்கி, கெட்டி ஸ்பிரிங், மஞ்சள். ஆனால் பிடி என் கைக்கு இழைத்தது. அவள் கை சின்னது. என் பிடியைப் பிடித்தால் அவளுக்குக் கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கும்.

பல் அச்செடுக்கிற மாவை ஓர் உருண்டை பிசைந்து இவரிடம் கொடுத்தேன். "துப்பாக்கி பிடிக்கிற மாதிரி அழுத்தித் தரச் சொல்லுங்க. இறுகறதுக்குள்ள ஓடுங்க."

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி," என்று முனகிக்கொண்டே படியேறினார்.

வெறும் கையோடு வருவார் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. இறங்கி வந்து உருண்டையை என் கையில் வைத்தார். நாலு விரலும் பதிந்திருந்தது. கட்டைவிரல் பதிந்த இடத்தில் மங்கலாக நீலம்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப அழுத்தித்தான் குடுத்தா."

மார்ச் 28, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்திலேயே பிடியை வார்த்தேன். ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிசின்தான் கைவசம் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "இது யாரோட தாடை?" என்றார். என் நாத்தனாருடையது என்றேன். நம்பிவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

முதல் சுற்று நான். மெதுவான பாதி நன்றாகவே போயிற்று. வேகமான பாதியில் முன்குறி கலங்கிற்று. இருந்தாலும் ஒரு கூடுகூட மாட்டவில்லை. மோசமில்லாத மதிப்பெண். வேறு யாரும் பக்கத்தில் வரவில்லை.

மேஜையில் உட்கார்ந்து என் பிடியைக் கழற்றி, ரோஸ் பிடியை மாட்டினேன். அவள் வந்து நின்றாள். இவரோடு வந்திருந்தாள், இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியை எடுத்துப் பிடித்தாள். விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

தோட்டாக் கட்டையை நீட்டினேன்.

"எல்லாம் மஞ்சள்தான். ஒவ்வொண்ணா பாத்துட்டேன்," என்றேன்.

அவள் கட்டையை மேஜையில் வைத்தாள். முதல் தோட்டாவை எடுத்தாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள், வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள். கடைசி வரிசை வரைக்கும் ஒன்று விடாமல் பார்த்தாள். ஆத்திரமாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் எல்லோரையும் இப்படித்தானே பார்த்திருக்கிறேன். பார்க்கப்படுகிறவருக்கு எங்கே வலிக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மூன்று மதிப்பெண் அதிகம் எடுத்து ஜெயித்தாள். இடம் அவளுக்கு.

கோச் என்னிடம் வந்து, "வருத்தமா?" என்றார். வருத்தம்தான். நிறைய வருத்தம். இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே என்னை நம்பாது.

ஏப்ரல் 2, புதன்

மோட்டார் போடலாமா என்று மாடியிலிருந்து குரல் கேட்டது. என்னைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்டாள். நான்தான் "போடு" என்றேன். போட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கண்ணாடி வாங்கிவிட்டேன். படிக்கிற கண்ணாடி. மருந்துக்கடையில் அவள்தான் பார்த்தாள். "நல்லாருக்கு அண்ணி," என்றாள். நிஜமாகவா, சும்மாவா என்று ஒரு தெரு தூரம் யோசித்துக்கொண்டே வந்தேன். புத்தி எங்கே போகும்?

ஏப்ரல் 19, சனி

நாளைக்கு அணியோடு கிளம்புகிறாள். கடைசிப் பயிற்சிக்கு ஆள் வேண்டும், பக்கத்திலிருந்து தோட்டா எடுத்துக் கொடுக்க என்று கோச் சொன்னார். அவள் என்னைக் கூப்பிடவில்லை. வேறு யாரையும் கூப்பிடவும் இல்லை. ஆகவே நானே போனேன்.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வேகச் சுற்று என்பதால் ஐந்து ஐந்தாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அட்டை திரும்பியது, சுட்டாள். திரும்பியது, சுட்டாள். காலிக் கூடுகள் என் செருப்பு மேல் விழுந்து தெறித்தன. ஒரு சுற்று முடிந்ததும் கண்ணை அட்டையிலிருந்து எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

ஐந்தை வைத்தேன். அவள் அடியைத் திருப்பிப் பார்க்காமல் துப்பாக்கியின் மேகசினில் போட்டுக்கொண்டாள்.

அவசரத்தில் மறந்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த சுற்றுக்கும் கையை நீட்டினாள். மறுபடி திருப்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த சுற்றுக்கும்.

ஐந்து ஐந்தாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.